பெரிய கடிகாரத்தின் கவர்ச்சி



பெரியதாக இருத்தல், மதிப்போடு இருத்தல் என்ற இரண்டையும் குறிக்கத் தமிழில் பெருமை என்ற ஒரே சொல் இருக்கிறது. இந்தச் சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே காண விரும்புகிறவர் திருவண்ணாமலைக்குப் போனால் போதும். அங்கே கிழக்கு வாயிலில் பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கிறது இராஜகோபுரம். அதற்குப் பின்னால் 2,668 அடி உயர மலை. கார்த்திகைத் தீபத்தன்று அம்மலை உச்சியில் ஆள் உயரக் கொப்பரை ஒன்றில் ஏறத்தாழ 3,500 கிலோ நெய்யும், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட துணித் திரியும் இட்டு மாலை ஆறு மணிக்குச் சுடர் ஏற்றுகிறார்கள். பெரிய தேர், பெரிய நந்தி என்று ஊரார் வழங்கும் பெயர்களிலேயே அளவு முன்னே வந்து நிற்கிறது.

அந்த ஆறு மணிக்குச் சற்று முன்னர் மாட வீதிகளில் நிற்கும் பெருந்திரளைக் கவனித்தால் ஒன்று தெரியும். எல்லாருடைய கண்ணும் ஒருமுறை மலையுச்சிக்கும் ஒருமுறை மணிக்கட்டுக்குமாகப் போய் வரும். கைப்பேசி இருக்கும் இக்காலத்திலும் கைக்கடிகாரம் மறையவில்லை. மறையாததோடு, இளைஞர் பலருடைய கையில் அது பருத்தும் இருக்கிறது. மெலிந்த மணிக்கட்டின் இரு ஓரங்களையும் தாண்டி, சட்டைக் கையின் விளிம்பில் இடித்துக்கொண்டு, ஒரு சிறு தாம்பாளத்தைப் போல் அது மின்னுகிறது. கடிகாரங்களைச் சேர்ப்பதை ஒரு கலையாகக் கொள்ளத் தொடங்கும் இளைஞரின் கண் பெரும்பாலும் முதலில் போய் நிற்பதும் இத்தகைய பெரிய, விலையுயர்ந்த கடிகாரத்தின் மீதுதான். அதை வீண் ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒதுக்குவது எளிது. விளங்கிக்கொள்வதுதான் சற்றுக் கடினம். இன்று அந்தக் கடினமான வேலையைச் செய்ய முயல்வோம்.

முதலில் பெரியது என்றால் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிடுவோம். 1950ஆம் ஆண்டுகளில் ஓர் ஆடவர் அணிந்த கைக்கடிகாரத்தின் குறுக்களவு பொதுவாக 33 முதல் 36 மில்லிமீட்டர் வரை இருந்தது. நம் தந்தையரும் பாட்டன்மாரும் கட்டிய எச்.எம்.டி. ஜனதா ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். இன்று கடைக் கண்ணாடிக்குள் வீற்றிருக்கும் பெரிய கடிகாரங்களோ 44, 46, 47 என்று போகின்றன. பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே கூடியிருக்கிறது என்று தோன்றலாம். மாணவ நண்பர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளட்டும். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே 35 மில்லிமீட்டர் கடிகாரத்தைவிட 47 மில்லிமீட்டர் கடிகாரத்தின் முகப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு அதிகம். கனமும் அதே விகிதத்தில் கூடினால், பருமன் மும்மடியைப் பொறுத்து ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். அளவுகோலில் சிறிய வேறுபாடு, கையில் பெரிய வேறுபாடு. கடையில் அழகாகத் தோன்றியது வீட்டுக்கு வந்ததும் பூதமாகத் தெரிவதற்குக் காரணம் இந்த எளிய கணிதந்தான்.

இனி, கடிகாரம் ஏன் பெரிதாக இருந்தது என்பதைப் பார்ப்போம். பழைய நாளில் பொழுது என்பது தனி மனிதனின் உடைமையாக இருக்கவில்லை. ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்து, நீர் சொட்டும் வட்டிலைக் கொண்டு நாழிகைக் கணக்கர் பொழுதை அளந்து அறிவித்தனர். பாசறையில் இருந்த அரசனுக்கும் அவர்கள் அவ்வாறு அறிவித்ததை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஒரு நாழிகை என்பது இன்றைய 24 நிமிடம். பொழுதை உடம்போடு எடுத்துச் செல்ல வேண்டும் என்ற தேவை பிற்காலத்தில்தான் எழுந்தது. அதைக் கூர்மையாக உணர்ந்தவர்கள் மாலுமிகள்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைத் தவறாமல் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருக்குமானால், நடுக்கடலில் உச்சிப்பொழுதைக் கண்டு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு தீர்க்கரேகையைக் கணக்கிட்டுவிடலாம். கடிகாரம் ஒரு நிமிடம் பிழைத்தால் நிலநடுக்கோட்டருகில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் பிழை நேரும். பாறையில் மோதுவதற்கு அவ்வளவு போதும். இங்கிலாந்தில் தச்சராயிருந்து கடிகாரத் தொழிலுக்கு வந்த ஜான் ஹாரிசன் 1759இல் முடித்த நான்காவது கடற்கடிகாரம், பார்வைக்கு ஒரு பைக் கடிகாரத்தைப் போன்றது. ஆனால் குறுக்களவு 13 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ! 1761இல் அது ஜமைக்காவுக்குக் கப்பலேறித் தன் திறமையை நிலைநாட்டியது. அதைப் பெரியது என்று யாரும் குறை சொல்லவில்லை. ஹாரிசனின் முந்தைய கடிகாரங்களோ ஆள் தூக்கத் திணறும் பொறிகள். அவற்றின் பக்கத்தில் இது குழந்தை.

கைக்கடிகாரத்தின் கதை வேறு. தொடக்கத்தில் அது பெண்களின் வளையலுக்கு உறவாக வந்த அணிகலன். ஆடவர்கள் சங்கிலி கோத்த பைக் கடிகாரத்தையே பெருமையாகக் கருதினார்கள். முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில், ஒரு கையில் துப்பாக்கி இருக்கும்போது மறு கையால் பையைத் துழாவ இயலாது என்று கண்ட பிறகே கடிகாரம் ஆடவர் மணிக்கட்டுக்கு நிலையாக ஏறியது. இரண்டாம் உலகப் போரில் அது மீண்டும் பருத்தது. ஜெர்மானிய விமானப்படையின் வழிகாட்டும் அலுவலர்களுக்காக 1940ஐ ஒட்டிச் செய்யப்பட்ட கடிகாரங்களின் குறுக்களவு 55 மில்லிமீட்டர். ஐ.டபிள்யூ.சி., லாங்கே, வெம்பே, ஸ்டோவா, லாக்கோ என்ற ஐந்து நிறுவனங்கள் ஒரே இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு அவற்றைச் செய்தன. கறுத்த முகப்பு, இருளில் ஒளிரும் எண்கள், எந்தப் பக்கம் மேல் என்பதை ஒரு நொடியில் உணர்த்தப் பன்னிரண்டாம் எண்ணின் இடத்தில் ஒரு முக்கோணம், தடித்த கையுறையோடும் திருகக்கூடிய பெரிய சாவிக் குமிழ், பறப்போரின் தடித்த தோலாடைக்கு மேல் கட்டுவதற்கு நீண்ட தோல்வார். இவற்றில் ஒன்றுகூட அலங்காரத்துக்காக வந்ததில்லை.

அதே காலத்தில் இத்தாலியக் கடற்படையின் மூழ்கு வீரர்களுக்காக பிளாரன்ஸ் நகரத்துப் பானரே நிறுவனம் 47 மில்லிமீட்டர் கடிகாரங்களை வழங்கியது. கலங்கிய நீருக்கடியில், நள்ளிரவில் முள்ளைக் காண வேண்டும் என்பதே அதன் வேலை. முகப்பில் பூசிய ஒளிப்பொருள் ரேடியம் கலந்தது. ரேடியோமிர் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. இங்கே ஓர் இடைப்பேச்சு. ரேடியத்தின் கேட்டை உலகம் அறிந்தது ஏழைப் பெண்களின் உடம்பின் வழியாக. அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ரேடிய வண்ணம் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை நுனியைக் கூராக்க அதை உதட்டில் வைத்து நனைத்தார்கள். 1920ஆம் ஆண்டுகளில் அவர்களுள் பலர் தாடையெலும்பு அரிக்கப்பட்டு மாண்டார்கள். ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஆகவே பழைய கடிகாரம் ஒன்றின் எண்கள் இப்போது ஒளிரவில்லை என்பதனால் நஞ்சு போய்விட்டது என்று பொருளில்லை. ஒளிர்ந்த கந்தகச் சேர்மம்தான் களைத்துப்போயிருக்கிறது. பழங்கடிகாரம் சேர்ப்பவர்கள் அதைத் திறந்து சுரண்டுவது கூடாது.

கொப்பரை ஏன் அவ்வளவு பெரிது என்று திருவண்ணாமலையில் யாரும் கேட்பதில்லை. பல கல் தொலைவில், தம் வயல்வரப்பில் நின்று பார்ப்பவருக்கும் அந்தச் சுடர் தெரிய வேண்டும், அதனால் பெரிது. வானோடியின் கடிகாரமும் மூழ்கு வீரனின் கடிகாரமும் இப்படிப்பட்டவையே. காரணத்தோடு பிறந்த பருமைக்கு ஒரு கம்பீரம் உண்டு. இன்றைய பெரிய கடிகாரத்தின் கவர்ச்சியில் ஒரு பகுதி அந்தக் கம்பீரத்திலிருந்து கடன் வாங்கியது. விமானத்தின் உட்பகுதியைக் கண்ணால் கண்டிராத ஒருவர் அதைக் கட்டும்போதும், உயிரைப் பணயம் வைத்துச் செயலாற்றிய யாரோ ஒருவருடைய நிழல் தம் கையில் விழுவதாக உணர்கிறார். இந்த உணர்வைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். போர்வாளை வீட்டுச் சுவரில் மாட்டுகிறவனும் சண்டைக்குப் போகிறவன் அல்லனே.

ஆயினும் போர் முடிந்த பிறகு பல ஆண்டுகள் பெரிய கடிகாரங்களை யாரும் நாடவில்லை. அப்போது நாகரிகம் மெல்லியதன் பக்கம் இருந்தது. சட்டைக் கைக்குள் ஓசையின்றி நுழைவதே உயர்ந்த கடிகாரத்தின் இலக்கணம். இந்த நிலை மாறியதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான காரணம் இருக்கிறது. 1969 டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள். சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் வினாடி முள்ளின் ஓர் அடி. நல்ல சுருள்வில் கடிகாரம் நாளொன்றுக்குச் சில வினாடிகள் பிழைக்கும். மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கே பதினைந்து வினாடி அளவுதான் பிழைக்கும். நூற்றாண்டுக் கணக்கில் ஸ்விட்சர்லாந்து வளர்த்த நுண்தொழிலின் பயன் ஒரு கடுகளவுப் படிகத்துக்குள் அடங்கிவிட்டது. 1970இல் சுமார் 90,000 பேருக்கு வேலை அளித்த அந்நாட்டுக் கடிகாரத் தொழில், 1980களின் நடுவில் 30,000க்குச் சற்று மேற்பட்டவர்களையே வைத்திருந்தது.

துல்லியம் மலிந்துவிட்ட பிறகு துல்லியத்துக்காக யார் பெரும்பணம் கொடுப்பார்கள்? விலையுயர்ந்த கடிகாரம் வேறு எதையாவது விற்றாக வேண்டும். 1972இல் ஜெரால்டு ஜெண்டா என்ற கலைஞர் ஓடிமார் பிகே நிறுவனத்துக்காக எட்டு மூலைச் சட்டத்தோடு ராயல் ஓக் என்ற எஃகுக் கடிகாரத்தை வரைந்தார். அதன் அளவு 39 மில்லிமீட்டர். அந்நாளில் அதையே ஜம்போ என்று அழைத்தார்கள்! 1993இல் அதன் தம்பியாக 42 மில்லிமீட்டர் ஆஃப்ஷோர் வந்தபோது அதற்கு மிருகம் என்றே பட்டப்பெயர் கிடைத்தது. அதே ஆண்டில் பானரேயும் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. 1990களின் நடுவில் ரோம் நகரில் படப்பிடிப்புக்கு வந்த நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன் அதைக் கண்டு மயங்கித் தம் படத்தில் அணிந்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. 2002இல் ஐ.டபிள்யூ.சி. தன் பழைய வானோடிக் கடிகாரத்தை 46 மில்லிமீட்டர் அளவில் மீண்டும் கொணர்ந்தது. 2005இல் ஹூப்லோவின் பிக் பேங் வந்தது. பெயரிலேயே பெரிது!

நம் நாட்டில் கதை வேறு விதமாக ஓடியது. 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஒரு தலைமுறையின் நேரத்தையே அது சுமந்தது. 2016இல் அதை மூட அரசு முடிவெடுத்தது. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் கூடி டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்தன. ஸ்விட்சர்லாந்து பருமையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அதே 2002இல், ஓசூர்த் தொழிலாளர்கள் எட்ஜ் என்ற கடிகாரத்தை வெளியிட்டார்கள். அதன் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். ஜெர்மானிய வானோடியின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டால் அது ஒன்றரைச் சென்டிமீட்டருக்கும் மேல் கனமானது. பெரிதாகச் செய்வதைவிட மெல்லியதாகச் செய்வதே தொழில்நுட்பத்தில் கடினமானது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். அந்த அருஞ்செயல் திருவண்ணாமலையிலிருந்து செங்கம், கிருஷ்ணகிரி வழியே சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஊரில் நிகழ்ந்தது. நம்மவர் செய்ததை நாமே அதிகம் பேசுவதில்லை என்பது வேறு.

அளவின் மீது மக்கள் கொள்ளும் ஆசை இடம் மாறிக்கொண்டே இருப்பது என்பதற்கு நம் கோயில்களே சான்று. 1010ஆம் ஆண்டில் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறைக்கு மேலெழுந்த விமானம் 216 அடி. வாயிற் கோபுரங்களோ அதற்கு அடங்கியவை. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தன. 1516ஐ ஒட்டிக் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, பின்னர்த் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த திருவண்ணாமலை இராஜகோபுரம் 217 அடி. ஓர் அடி கூட. ஆனால் இப்போது உயர்ந்து நிற்பது வாயில். கருவறை விமானம் அடங்கி உள்ளே இருக்கிறது. கடிகாரத்திலும் இதைப் போன்ற ஒரு மாற்றம் நேர்ந்தது. உள்ளே இருக்கும் இயந்திரத்தின் தேவைக்காகக் கூடு பெரிதாக இருந்த காலம் போய், பார்க்கிறவர் கண்ணுக்காகக் கூடு பெரிதாகும் காலம் வந்தது. இது வீழ்ச்சி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கோபுரத்தை வீழ்ச்சி என்று யார் சொல்வார்? ஆனால் எது எதற்காகப் பெரிதாக இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் எடையை மதிப்பாகக் காணப் பழகியவர்கள். பொன்னைச் சவரன் கணக்கில் நிறுத்து, நிறுத்ததை மானமாக நினைக்கும் வீடுகளில் பிறந்தவர்கள். மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரமும் மோதிரமும் போடுவது இன்றும் நம் திருமணங்களில் உண்டு. கையில் கனம் தெரிந்தால் காசு தெரிகிறது. நான்கு பேர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் அது இன்ன கடிகாரம் என்று தெரிந்துவிடும். சிறிய கடிகாரம் அணிந்தவர் நேரத்தைத் தாம் பார்க்கிறார். பெரிய கடிகாரம் அணிந்தவரைப் பிறர் பார்க்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதற் சம்பளம் வாங்கிய ஓர் இளைஞர், ஆறு மாதச் சம்பளத்தைத் தவணைக் கடனாக மாற்றி அந்தப் பார்வையை வாங்கும்போது, வீட்டில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் காத்திருக்குமானால், அந்தக் கடிகாரம் காட்டும் நேரம் நல்ல நேரமாக இராது. மாதந்தோறும் அது அவரைப் பார்க்கும். கையிலுள்ள பணத்துக்கு வாங்குவது சேகரிப்பு. கடனுக்கு வாங்குவது வெறும் அவசரம். இன்னொரு செய்தியும் உண்டு. 2010களின் நடுவிலிருந்து உலக நாகரிகம் மீண்டும் 36, 38 மில்லிமீட்டருக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. தவணை முடிவதற்குள் நாகரிகம் முடிந்துவிடலாம்.

சரி, எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்த பிறகும் ஆசை நிற்கிறது என்றால், எப்படிப் பார்த்து வாங்குவது? முதலில் கடிகாரத்தை அளப்பதற்கு முன் உங்கள் கையை அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைவிட முக்கியம், மணிக்கட்டின் மேற்புறத் தட்டையின் அகலம். கடிகாரக் கூட்டின் குறுக்களவை மட்டும் பார்ப்பது போதாது. வார் மாட்டும் காதுகளின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை எவ்வளவு என்று பாருங்கள். அந்த நீளம் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டினால் கடிகாரம் கையில் அமராது. பாலம் போல் நிற்கும். 44 மில்லிமீட்டர் கடிகாரம் குட்டையான காதுகளோடு நன்றாக அமர்வதும், 40 மில்லிமீட்டர் கடிகாரம் நீண்ட காதுகளால் துருத்துவதும் உண்டு. உலோகத்தையும் கேட்டறியுங்கள். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். டைட்டானியம் நாலரைக் கிராம். பெரிய கூட்டை நாளெல்லாம் சுமக்க வேண்டியவருக்கு இந்த வேறுபாடு மாலையில் தெரியும்.

அடுத்து, பெரிய கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது. சில பெரிய கடிகாரங்களுக்குள் உண்மையிலேயே பெரிய இயந்திரம் இருக்கும். பானரேயின் 44 மில்லிமீட்டர் லூமினோர் வகையின் தொடக்ககாலக் கடிகாரங்கள் சிலவற்றில், பைக் கடிகாரத்துக்கென்று செய்யப்பட்ட, 36 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட யூனிடாஸ் இயந்திரம் இருந்தது. அத்தகையதற்கு அந்த உடம்பு வேண்டும். வேறு சிலவற்றிலோ பெரிய மாளிகையில் ஒற்றை அடுப்பு எரிவது போல, நடுவில் ஒரு சிறிய இயந்திரமும் சுற்றிலும் வெற்று வளையமும் இருக்கும். மூடியைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தேதி காட்டும் சாளரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது முகப்பின் விளிம்பை ஒட்டி இல்லாமல் நடுவை நோக்கி ஒதுங்கியிருந்தால், இயந்திரம் சிறியது. முகப்பிலுள்ள சிறு வட்டங்கள் குளிருக்குக் கூடிய குழந்தைகள் போல மையத்தில் நெருங்கியிருந்தாலும் அதே பொருள்தான். விலை பெரியதாகவும் இயந்திரம் சிறியதாகவும் இருக்குமிடத்தில் மிச்சப் பணம் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். வினாடி முள் வினாடிக்கு ஒருமுறை துள்ளினால் அது குவார்ட்ஸ். தானே சாவி ஏறும் சுருள்வில் கடிகாரம் என்று சொல்லி அதை ஒருவர் விற்றால் அங்கே நிற்காதீர்கள். நல்ல சுருள்வில் கடிகாரங்கள் பலவற்றில் முள் வினாடிக்கு எட்டுச் சிற்றடி வைக்கும். பழைய கைச்சாவிக் கடிகாரங்கள் பலவற்றில் ஐந்து. ஆனால் இன்றைய போலிகளுக்குள்ளும் சுருள்வில் இருப்பதால், இந்தச் சோதனையில் தோற்றது போலி என்று சொல்லலாமே தவிர, வென்றதை உண்மை என்று முடிவு கட்ட இயலாது.

கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு நான் சொல்லக்கூடிய முதற் கடிகாரம் எச்.எம்.டி. பைலட். கறுத்த முகப்பும் வெள்ளை எண்களுமாக வானோடிக் கடிகாரத்தின் முகமே அதற்கும். ஆனால் அளவு நம் பாட்டன்மாரின் அளவு. பெரிய கடிகாரம் எதை நினைவூட்டுகிறதோ அதைச் சிறியதும் நினைவூட்டுகிறதா என்று ஒரு திங்கள் கட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் பெரியதற்குப் போகலாம். பழைய பைலட் வாங்கும்போது, புதிதாக வண்ணம் தீட்டிய முகப்பும் பல கடிகாரங்களின் உறுப்புகளும் சேர்ந்த கலப்புக் கடிகாரங்கள் சந்தையில் நிரம்ப உலவுகின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். எழுத்தின் விளிம்பு மங்கியிருக்கிறதா, அறுபது கோடுகளும் ஒரே கனத்தில் உள்ளனவா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். எந்த ஊரிலும் கடைத்தெருவில், ஒரு சிறு மேசைக்குப் பின்னால் கண்ணில் குமிழாடி பொருத்திய முதியவர் ஒருவர் இன்னும் அமர்ந்திருப்பார். பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சமன் சக்கரம் எப்படி ஆடுகிறது என்பதை அவர் உங்களுக்கும் காட்டுவார்.